பதிகம் போட்ட பாதை: சிலப்பதிகாரப் பாத்திர ஆய்வுகள், ஒரு மதிப்பீடு

கோவலன் கொலைக்கு யார் பொறுப்பு? சிலப்பதிகாரத்தை ஆராய வந்தவர்களில் பெரும்பாலோர் ஏதாவது ஒரு வகையில் இந்தக் கேள்விக்கு விடை சொல்லியிருக்கிறார்கள். மாதவி மேல் பழி போட்டவர்கள் உண்டு. பாண்டியன் மேல் போட்டவர்கள் உண்டு. பொற்கொல்லனோடு வழக்கை முடித்துக்கொண்டவர்கள் உண்டு. எல்லாம் ஊழ் என்று சொல்லி நகர்ந்தவர்களும் உண்டு. அந்த விடைகளைத் தொகுத்துப் பார்க்கும்போது ஒன்று தெரிகிறது. பாத்திரம், கதைப்பின்னல், உட்கருத்து ஆகிய மூன்றையும் தனித்தனியே பிரித்து வைத்துப் பேசுவது நமக்குப் பழகிவிட்டது. அந்தப் பழக்கத்துக்கு வித்திட்டது நூலின் வாசலிலேயே நிற்கும் பதிகம்.

பதிகம் கதையை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அதோடு நில்லாமல், இந்தக் கதையால் விளங்கும் உண்மைகள் மூன்று என்றும் வகுத்துவிடுகிறது: அரசு நெறி தவறியவர்களை அறமே தண்டிக்கும், பத்தினியை உயர்ந்தோர் போற்றுவர், முன்வினை வந்தே தீரும். பதிகத்தை நூலாசிரியர் இளங்கோவே எழுதினாரா, பிறர் எழுதிச் சேர்த்தார்களா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. யார் எழுதியிருந்தாலும், பள்ளிப் பாடம் முதல் முனைவர் பட்ட ஆய்வேடு வரை அந்த மூன்று உண்மைகளே நூலின் சாரம் என்றாகிவிட்டது. 30 காதைகளையும் அந்த மூன்றுக்கு எடுத்துக்காட்டாகப் படித்தால் போதும் என்ற நிலை வந்தது.

உரைகாரர்கள் கண்ட சிலம்பு

அரும்பதவுரையோடும் அடியார்க்கு நல்லார் உரையோடும் உ.வே. சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தார். இன்றைய சிலம்பு ஆய்வு அங்கேதான் தொடங்குகிறது. அடியார்க்கு நல்லாரின் உரை முழுமையாகக் கிடைக்கவில்லை. கிடைத்த பகுதியிலும் இசை, கூத்து பற்றிய விளக்கங்களே அறிஞர்களை அதிகம் ஈர்த்தன. ஆபிரகாம் பண்டிதரின் கருணாமிர்த சாகரமும் 1947இல் வெளிவந்த விபுலானந்த அடிகளின் யாழ் நூலும் அந்த வழியில் எழுந்த பெரும் சாதனைகள்.

பாத்திர ஆய்வுக்கும் உரைகாரர்கள் ஒரு வித்து இட்டுச் சென்றார்கள். பாண்டியனின் ஆணையை அவர்கள் விளக்கும் இடம் அது. அரசன் சொல்ல நினைத்தது விசாரணைக்கும் தண்டனைக்கும் இடம் விட்ட ஆணை. வினை முதிர்ந்த வேளையாதலால் வாய் தவறி, கொன்றுவிட்டுச் சிலம்பைக் கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டான் என்பது அந்த விளக்கம். நுட்பமான விளக்கம்தான். ஆனால் அது அரசனைக் காப்பாற்றிவிடுகிறது. மூலத்தில் அந்த ஆணைக்கு முன் நடப்பவை வேறு: ஆடல் மகளிரின் கூத்தை அரசன் கண்டு மகிழ்ந்ததால் கோப்பெருந்தேவி ஊடிப் போகிறாள். அவளைத் தேற்ற அவசரமாகப் போகும் வழியில் பொற்கொல்லன் எதிர்ப்படுகிறான். தேவியின் காணாமற்போன சிலம்பு கிடைத்ததென்றால் அவள் ஊடல் தீரும். ஆராயாமல் ஆணையிட்டதற்கு மனித இயல்பிலேயே போதுமான காரணத்தைக் கவிஞர் வைத்திருக்கிறார். உரைகாரர்கள் அதன் மேல் ஊழை ஏற்றிவிட்டார்கள்.

மேடையும் தேர்வுத்தாளும்

20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் ஆய்வு பெரும்பாலும் காலத்தைச் சுற்றியே நடந்தது. பத்தினிக் கோட்டக் கடவுள் மங்கலத்துக்கு இலங்கையிலிருந்து கயவாகு வேந்தன் வந்தான் என்ற செய்தியை வைத்து நூலை 2ஆம் நூற்றாண்டுக்கு உரியது என்றார்கள் ஒரு சாரார். மொழிநடையை வைத்து அது மிகவும் பிற்பட்டது என்றார் ச. வையாபுரிப் பிள்ளை. இந்த வாதம் இன்னும் தீரவில்லை. பாத்திரங்களைப் புரிந்துகொள்ள அதனால் பெரிய பயனும் விளையவில்லை.

அடுத்த கட்டத்தில் சிலம்பு மேடையேறியது. ம.பொ. சிவஞானம் அதைத் தமிழர் அனைவருக்கும் பொதுவான தேசியக் காப்பியமாக முன்வைத்து ஊர் ஊராகப் பேசினார். சிலம்புச் செல்வர் என்ற பட்டம் அவருக்கு நிலைத்தது. பெரியார் நேர் எதிர்ப்பக்கம் நின்றார். பெண்ணடிமையைப் போற்றும் கதை, மூடநம்பிக்கை மலிந்த கதை என்று கண்டித்தார். அவர் வழிவந்த திராவிட இயக்கத்தின் எழுத்தாளர்களோ கண்ணகியைக் கைவிடவில்லை. பாரதிதாசன் கண்ணகி புரட்சிக் காப்பியம் எழுதினார். மு. கருணாநிதியின் கதை வசனத்தில் 1964இல் பூம்புகார் திரைப்படம் வந்தது. 1968இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாவில் கண்ணகி சிலை எழுந்தது. அது 2001இல் அகற்றப்பட்டபோதும் 2006இல் மீண்டும் நிறுவப்பட்டபோதும் எழுந்த ஆரவாரம், ஒரு காப்பியப் பாத்திரம் எவ்வளவு ஆழமாக அரசியல் அடையாளமாகிவிட்டது என்பதைக் காட்டியது.

ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். கண்ணகி ஓர் இலட்சியம் என்று இரு தரப்பினரும் ஏற்றனர். அந்த இலட்சியம் உகந்ததா இல்லையா என்பதுதான் சண்டை. கதைக்குள் அவள் எப்படி மாறுகிறாள் என்பது எவருக்கும் முக்கியமாகப் படவில்லை.

கல்லூரித் தமிழ் இதற்கு ஓரளவு ஈடு செய்தது. மு. வரதராசன் கண்ணகியையும் மாதவியையும் தனித்தனி நூல்களாக எடுத்துக்கொண்டு, எளிய நடையில், உளவியல் நோக்கில் எழுதினார். மாதவிக்குக் கல்வியுலகில் நியாயம் கிடைத்ததில் இத்தகைய எழுத்துக்களுக்குப் பங்கு உண்டு. ஆனால் அதே வழி தேர்வுத்தாளுக்குப் போனபோது, பாத்திரப் படைப்பு என்பது நற்குணப் பட்டியலாகச் சுருங்கியது. கற்பு, பொறுமை, வீரம் என்று தலைப்பிட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு மேற்கோள் தந்தால் மதிப்பெண் உறுதி.

மாதவியின் இரண்டு கடிதங்கள்

பட்டியல் முறையில் தவறிப்போவது எது என்று காட்ட ஓர் இடத்தைக் கிட்டத்தில் பார்க்கலாம். கானல்வரியில் பிணங்கிப் பிரிந்த கோவலனுக்கு மாதவி இருமுறை கடிதம் எழுதுகிறாள். முதல் கடிதம் வேனிற்காதையில் வருகிறது. மலரிதழில் எழுதியது, தோழி வசந்தமாலை கொண்டு போனது. இளவேனிலும் நிலவும் காமனும் நிறைந்த கடிதம் அது. கோவலன் வாங்க மறுக்கிறான். ஆடல் மகள்தானே, இதுவும் ஒரு நடிப்பு என்று அவள் ஊடலையும் கூடலையும் வரிசையாகக் கூத்தின் வகைகளாகவே அடுக்கிக் காட்டுகிறான்.

இரண்டாவது கடிதம் புறஞ்சேரி இறுத்த காதையில், மதுரைக்குப் போகும் வழியில், கோசிகன் என்ற அந்தணன் கையில் வருகிறது. அதில் காதல் பேச்சே இல்லை. பெற்றோருக்குச் செய்ய வேண்டிய பணியையும் விட்டு, நற்குடிப் பிறந்த மனைவியோடு இரவோடு இரவாகப் புறப்படும்படி நான் செய்த பிழை என்ன என்று மட்டும் கேட்கிறாள். தன் கூந்தலை ஒற்றி அவள் இட்ட முத்திரையில் பழகிய எண்ணெயின் மணம் வருகிறது. அதை உணர்ந்த பிறகே கோவலன் பிரித்துப் படிக்கிறான். அவளிடம் குற்றமில்லை, குற்றம் தன்னுடையது என்று தெளிகிறான். பிறகு அவன் செய்வதுதான் வியப்பு. அதே கடிதத்தைக் கோசிகனிடம் திருப்பிக் கொடுத்து, இதன் வாசகம் என் பெற்றோருக்கும் பொருந்தும், அவர்களிடம் சேர்த்துவிடு என்கிறான்.

ஒரு கணிகை எழுதிய கடிதம் ஒரு மகன் பெற்றோருக்கு எழுதும் கடிதமாகிறது. மாதவியின் உள்ளம் எவ்வளவு முதிர்ந்துவிட்டது என்பதும், கோவலனுக்குத் தன்னை உணரும் ஆற்றல் உண்டு என்பதும், அந்த உணர்வு காலம் கடந்து வந்தது என்பதும் இந்த ஒரு நிகழ்ச்சிக்குள் அடங்கிவிடுகின்றன. மாதவி நல்லவள் என்று எழுதினால் இவ்வளவும் காணாமற்போகும்.

கண்ணகியையும் இப்படியே படிக்க வேண்டும். புகாரில் ஊமைபோல் இருந்தவள் மதுரையில் திடீரெனப் பொங்கினாள், இருவரும் ஒருத்திதானா என்ற ஐயம் பலமுறை எழுப்பப்பட்டிருக்கிறது. கொலைக்களக் காதையில் கணவனுக்குக் கடைசியாக உணவிட்ட பிறகு அவள் பேசுவதைக் கவனித்தால் அந்த ஐயத்துக்கு இடமில்லை. நீங்கள் பிரிந்திருந்ததால் விருந்தோம்பும் பேற்றை இழந்தேன். மாமனும் மாமியும் வந்தபோது பொய்ச் சிரிப்பால் துயரத்தை மறைத்தேன். நீங்கள் நடந்தது பெரியோர் ஏற்கும் ஒழுக்கமல்ல என்று கணவன் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறாள். அரசவையில் வழக்குரைப்பதற்கு முன்பே அவள் ஒரு வழக்கை உரைத்துவிட்டாள். கண்ணகியின் நாக்கு மதுரை எரிந்தபோது திறக்கவில்லை, அதற்கு முன்பே திறந்துவிட்டது.

வெளியிலிருந்து வந்த வெளிச்சம்

வி.ஆர். ராமச்சந்திர தீட்சிதரின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1939இல் வந்தது. அலென் தனியேலூவும் பின்னர் 1993இல் ஆர். பார்த்தசாரதியும் தம் மொழிபெயர்ப்புகளால் காப்பியத்தைப் பரந்த வாசகர்களிடம் கொண்டு சென்றார்கள். 1970களில் ஜார்ஜ் ஹார்ட், பெண்ணின் உடலில் உறையும் அணங்கு என்னும் ஆற்றலைப் பற்றிய சங்க கால நம்பிக்கையோடு கண்ணகியை இணைத்துக் காட்டினார். கற்பைப் பிற்கால நீதிநூல்களின் கண்ணாடியில் பார்த்தவர்களுக்கு அது நல்ல மாற்று. பிரெண்டா பெக் இந்தக் கதையின் பல வடிவங்களை ஒப்பிட்டார். கணநாத் ஒபேசேகர 1984இல் வெளியிட்ட பத்தினி வழிபாட்டு ஆய்வு, சிங்களரும் தமிழரும் ஒரே தெய்வத்தை எப்படிக் கொண்டாடுகிறார்கள் என்பதை விரிவாக எடுத்துரைத்தது. மட்டக்களப்புப் பகுதியில் கண்ணகி வழக்குரை இன்றும் வைகாசிச் சடங்குகளில் பாடப்படுகிறது. அந்த மரபில் அவள் பிறப்பிலேயே தெய்வம். மாநகர வணிகன் மகளாகப் பிறந்து, இழப்பால் தெய்வமானவளாகக் காட்டியது இளங்கோவின் தனித்தேர்வு என்பது இந்த ஒப்பீட்டால் தெளிவாகிறது.

படைப்பாளிகளும் விமர்சகர்களுக்குச் சளைக்கவில்லை. இந்திரா பார்த்தசாரதியின் கொங்கைத் தீ நாடகமும், 2005இல் வந்த ஜெயமோகனின் கொற்றவை நாவலும் காப்பியத்தை மறுபடி சொன்னதோடு அதை விசாரணைக்கும் உட்படுத்தின.

யார் சொன்னது, எப்போது சொன்னது

இத்தனைக்குப் பிறகும் பெரிதும் பேசப்படாத இடங்கள் நூலுக்குள் இருக்கின்றன. அவற்றுள் முதன்மையானது ஊழ். கோவலன் முற்பிறவியில் சிங்கபுரத்தில் சங்கமன் என்ற வணிகன் சாகக் காரணமானான், அவன் மனைவி நீலியின் சாபம் பலித்தது என்ற செய்தி கட்டுரை காதையில்தான் வருகிறது. சொல்வது மதுராபதி, பாண்டியர் நகரைக் காக்கும் தெய்வம். எரிந்துகொண்டிருக்கும் நகரின் நடுவில், எரித்தவளைச் சமாதானப்படுத்த வருகிறாள். ஊழைச் சொல்வதற்கு முன் பாண்டியரின் நீதிக்குச் சான்று அடுக்குகிறாள். அதில் ஒன்று வார்த்திகன் கதை. பொருளைக் கவர்ந்தான் என்று பொய்யாகக் குற்றம் சுமத்தப்பட்டுச் சிறைப்பட்ட அந்தணன் அவன். அவன் மனைவி அழுதாள், கொற்றவை கோயில் கதவு திறக்கவில்லை, அரசன் விசாரித்து, தவற்றை ஒப்புக்கொண்டு, விடுதலை செய்து நிலமும் கொடுத்தான்.

அதே பாண்டிய நாடு, அதே வகைக் குற்றச்சாட்டு. அங்கே விசாரணை நடந்தது, இங்கே நடக்கவில்லை. தெய்வம் காட்டிய சான்றே, கோவலனைக் கொல்ல ஆணையிட்ட நெடுஞ்செழியனுக்கு எதிராகப் பேசுகிறது. ஊழ் என்பதை நூலாசிரியரின் இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாமல், ஒரு தரப்பு வக்கீலின் வாதமாகக் கேட்டுப்பார்த்தால் நூல் வேறு விதமாக விரிகிறது.

சிறு பாத்திரங்களும் இதையே சொல்கின்றன. கோவலனைக் கொல்ல வந்த காவலர்கள் உடனே வாளை ஓங்கவில்லை. இவன் முகத்தைப் பார்த்தால் கொலைக்கு உரியவனாகத் தெரியவில்லை என்று தயங்குகிறார்கள். பொற்கொல்லன் களவு நூல் பாடம் நடத்தி அவர்கள் வாயை அடைக்கிறான். இறுதியில் குடிவெறியில் இருந்த ஒருவன் வெட்டிவிடுகிறான். தடுத்திருக்கக்கூடிய கொலை அது என்பதைக் கவிஞர் அழுத்தமாகவே பதிவு செய்திருக்கிறார்.

எல்லாவற்றிலும் கடுமையானது வஞ்சிக் காண்டத்தில் இருக்கிறது. அந்தக் காண்டம் பின்னால் சேர்ந்தது என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. பெரும்பாலான வாசகர்கள் அதைப் புரட்டிவிட்டுப் போகிறார்கள். நீர்ப்படைக் காதையில் மாடலன் என்ற மறையோன் சேர அரசன் செங்குட்டுவனிடம் மதுரைச் செய்தி சொல்கிறான். கோவலன் பெற்றோர் முடிவு, சமணத் துறவி கவுந்தியின் உண்ணாநோன்பு, அடைக்கலம் தந்த மாதரி தீயில் பாய்ந்தது, மாதவி துறவு பூண்டது என்று வரிசையாக வருகிறது. அந்த வரிசையில் இன்னொன்றும் உண்டு: கொற்கையிலிருந்து வந்து ஆட்சி ஏற்ற வெற்றிவேற் செழியன், பத்தினிக்காக ஒரே நாளில் 1000 பொற்கொல்லர்களைப் பலியிட்டான். பொற்கொல்லன் ஒருவன் செய்த திருட்டு. ஆயிரம் பேர் சாவு. அவர்களில் எவர் மேலும் குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை. ஆராயாமல் கொன்றதால் எரிந்த நகரில் ஆராயாத கொலை மீண்டும் நடக்கிறது, அதுவும் பத்தினியின் பெயரால். நீதிக் காப்பியம் என்று சிலம்பைப் போற்றும் நூல்களில் இந்தச் செய்திக்கு ஓர் அடிக்குறிப்புக் கிடைத்தாலே அதிகம். மேடைப் பேச்சிலும் திரைப்படத்திலும் இதற்கு இடமே இருந்ததில்லை.

இதைக் கவிஞர் கண்டிக்கவுமில்லை, பாராட்டவுமில்லை. மாடலன் சொல்கிறான், செங்குட்டுவன் கேட்கிறான், கதை நகர்கிறது. பதிகத்தின் மூன்று உண்மைகளில் எதற்குள்ளும் அது அடங்காது. அடங்காததாலேயே அது கண்ணில் படாமற்போனது. நூற்றாண்டுக்கு மேற்பட்ட நம் சிலம்பு ஆய்வின் பெரிய குறை, பாத்திரங்களுக்குத் தீர்ப்பு எழுதிய வேகத்தில், கதை எழுதிவைத்த சாட்சியங்களை முழுதும் படிக்காமல் விட்டது.

சிலம்பை அடுத்த முறை கையில் எடுப்பவர்கள் ஒன்று செய்து பாருங்கள். பதிகத்தைத் தள்ளிவிட்டு மங்கல வாழ்த்திலிருந்து தொடங்குங்கள். வஞ்சிக் காண்டத்தைக் கடைசி வரி வரை படியுங்கள். பதிகத்தை அதற்குப் பிறகு படித்து, அந்த மூன்று உண்மைகள் போதுமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.