முள்ளும் ஒரு விஞ்ஞானக் கருவியே!

பூவைப் பிரித்து அதன் உறுப்புகளைக் காண ஊசி வேண்டும். பள்ளியில் அதற்குப் பணம் இல்லை. வேலியிலுள்ள கருவேல முள் போதாதா? போதும் என்று செய்து காட்டினார்கள், மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டக் கிராமப் பள்ளிகளில்.

கிஷோர் பாரதி, ரசூலியா நண்பர்கள் கிராம மையம் என்ற இரு தொண்டு நிறுவனங்கள் 1972-ல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய திட்டம் இது. 1978-ல் மாவட்டம் முழுவதும் பரவியது. 'பால வைக்ஞானிக்' என்ற அதன் பாடநூலில் கேள்விகள் உண்டு, விடைகள் இல்லை. மாணவர்கள் நால்வர் நால்வராகச் சோதனை செய்து, கண்டதைத் தம் சொற்களில் எழுதவேண்டும். தேர்வுக்கும் நூலையும் குறிப்பேட்டையும் கொண்டு செல்லலாம்!

"பார்த்து எழுதினால் அது தேர்வா?" என்று கேட்பீர்கள். விடையே இல்லாத நூலைப் பார்த்து எதை எழுதுவது? சிந்தித்துத்தானே எழுதவேண்டும்! இதுவே அத்திட்டத்தின் உயிர். பாடநூலில் "செய்து பார்" என்று கட்டம் கட்டிப் போட்டுவிட்டு, மனப்பாடத்திற்கே மதிப்பெண் கொடுத்தால் யார்தான் செய்து பார்ப்பார்கள்?

ஆனால், செய்து பார்ப்பதோடு விஞ்ஞானக் கல்வி முடிந்துவிடுமா? அதே மாவட்டத்தில் தவா அணையின் கால்வாய் நீர் கரிசல் வயல்களில் தேங்கிப் பயிர்களைக் கெடுத்தது. 1977-ல் 'மண்ணைக் காப்போம்' என்று விவசாயிகள் இயக்கம் கண்டார்கள்.

காரணத்தை நீங்களே அறியலாம். அடியில் துளையிட்ட இரண்டு டப்பாக்களில் ஒன்றில் மணலையும் மற்றதில் கரிசல் மண்ணையும் சம அளவு நிரப்புங்கள். இரண்டிலும் ஒரே அளவு நீர் ஊற்றுங்கள். மணலில் நீர் விரைவாக வடியும். கரிசலின் நுண்ணிய துகள்களோ நீரை உறிஞ்சி உப்பி, இடைவெளிகளை அடைத்துக்கொள்ளும். இதைக் கண்ட மாணவனுக்கு, "கால்வாய் வெட்டியவர்கள் வடிகாலும் வெட்டினார்களா?" என்று கேட்கத் தோன்றவேண்டும். அக்கேள்வி வரை செல்லாத சோதனை பாதிச் சோதனையே.

2002-ல் மாநில அரசு இத்திட்டத்தை நிறுத்தியது. குறைகள் இருந்தால் திருத்தியிருக்கலாம். முப்பதாண்டு அனுபவத்தை மூட்டை கட்டி வைத்தது சரியென்று சொல்ல முடியவில்லை.

மாணவ நண்பர்களே! உங்கள் ஊர்க் கிணற்று நீரும் வயல் மண்ணும் திறந்து கிடக்கும் பாடநூல்கள். அவற்றைக் கேள்வி கேட்க எந்த அரசாணையும் தேவையில்லை. ஒரு முள் போதும். இரண்டு டப்பாக்கள் போதும்.