கதவில்லாத லாயம்: நெடுந்தீவுக் குதிரைகள் யார் பொறுப்பு?

குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் பார்க்க விரும்புவன மூன்று: பெருக்குமரம், பவளக்கல் கோட்டையின் இடிபாடு, மட்டக்குதிரைகள். மரத்துக்கு மழை போதும். கோட்டைக்கு அதுவும் வேண்டாம். குதிரைக்கோ நாள்தோறும் புல்லும் தண்ணீரும் வேண்டும். அதைக் கொடுப்பவர் யார் என்று கேட்டால் தெளிவான விடை இல்லை. குதிரைகளை யாரும் கட்டி வளர்ப்பதில்லை, தீன் வைப்பதில்லை. தீவை விட்டு வெளியே கொண்டுபோகவும் தடை இருக்கிறது. ‘அதன் பாட்டுக்கு விடுதல்’ என்ற இந்த முறை எவ்வளவு சரி என்பதே இங்கு கேள்வி.

இந்தக் குதிரைகள் காட்டில் தோன்றியவை அல்ல. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வளர்த்த குதிரைகளின் வழிவந்தவை. ஒல்லாந்தருக்கு இது வருமானம் தரும் தொழில். 1697இல் யாழ்ப்பாணக் கொமாண்டர் ஹென்ட்ரிக் ஸ்வார்டக்ரூன் தாம் இல்லாத காலத்துக்கென நிருவாக சபைக்கு எழுதிவைத்த நினைவுக் குறிப்பில் குதிரை வளர்ப்பும் நிருவாக விடயங்களுள் ஒன்றாக இடம்பெறுகிறது. ஆங்கிலேயர் காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், லெப்டினன்ட் நோலன் என்ற அயர்லாந்துக்காரர் தீவையும் குதிரைகளையும் சேர்த்தே நிருவகித்தார். ஒல்லாந்தர் கால லாயத்தின் சிதைவுகள் இன்றும் தீவில் நிற்கின்றன. குதிரைகள் அன்றும் தரவை எனும் திறந்த மேய்ச்சல் வெளியில்தான் மேய்ந்திருக்கும். ஆனால் எவற்றை வைத்திருப்பது, எவற்றை விற்பது என்று முடிவு செய்ய ஒருவர் இருந்தார். வாங்குவோர் இல்லாமற் போனதும் அந்த மேற்பார்வையும் போய்விட்டது. கடல் என்ற வேலி மட்டும் அப்படியே இருக்கிறது. நாம் பெற்றிருப்பது பழைய ஏற்பாட்டின் பாதி.

முதலில் இந்த முறையின் நன்மையைச் சொல்ல வேண்டும். குதிரையின் வயிறு சிறியது. மாட்டைப் போல ஒரே மூச்சில் நிரப்பிவிட்டு ஆறுதலாக அசைபோட அதனால் முடியாது. நாளின் பெரும்பகுதி நடந்து நடந்து சிறுகச் சிறுகத் தின்பதே அதன் இயல்பு. உண்டதை வாந்தியெடுக்கவும் இயலாது. அதனால்தான் பலருடைய குதிரைகளை ஒன்றாக வைத்துப் பராமரிக்கும் லாயங்களில் தீன் பற்றிய விதிகள் அவ்வளவு கடுமையாக இருக்கின்றன: பொறுப்பாளரைத் தவிர வேறெவரும் தீன் வைக்கக்கூடாது, தீனை மாற்றுவதானால் ஒரு வாரம், பத்து நாள் எடுத்து மெல்ல மெல்ல மாற்ற வேண்டும். தரவையில் மேயும் குதிரைக்கு இந்த விதிகளை யாரும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. அந்த ஒழுங்கு அதன் நடையிலேயே இருக்கிறது. பல தலைமுறையாக வறண்ட புல்லையும் வெக்கையையும் தாங்கி நின்ற மந்தை என்பதும் சிறு விடயமல்ல.

குறை எங்கே என்றால், தண்ணீரில். தீவின் பரப்பு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர். அடியில் சுண்ணாம்புப் பாறை, மேலே மெல்லிய மண். மாரி மழை ஓய்ந்து சில மாதங்களில் பள்ளங்களும் துரவுகளும் வற்றுகின்றன, கிணறுகள் உவர்க்கின்றன. பெருநிலப்பரப்பின் காட்டு விலங்கு என்றால் நீரைத் தேடி அடுத்த குளத்துக்குப் போய்விடும். இந்தக் குதிரைகளுக்கு அடுத்து இருப்பது கடல். கடும் வறட்சி ஆண்டுகளில் குதிரைகள் செத்து விழுந்த செய்திகளை நாளேடுகளில் படித்திருக்கிறோம். போக வழியில்லாத விலங்கை ‘இயற்கை பார்த்துக்கொள்ளும்’ என்று விடுவது பூட்டிய லாயத்தில் தொட்டியை நிரப்பாமல் விடுவதற்குச் சமம்.

அப்படியானால் வைக்கோலும் சேர்த்துக் கொடுக்கலாமே என்று இரக்கமுள்ளவர்கள் கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 200 கிலோ எடையுள்ள மட்டக்குதிரை நாளொன்றுக்குத் தன் எடையில் 2 வீதம், அதாவது 4 கிலோ உலர்தீன் தின்னும். நூறு குதிரைக்கு நாளுக்கு 400 கிலோ. மூன்று மாதத்துக்கு 36 தொன். அவ்வளவையும் படகில் ஏற்ற வேண்டும். ஏற்றினாலும், தண்ணீர் குறைந்த நேரத்தில் திடீரென நெல்வைக்கோலைத் தின்னும் குதிரைக்குக் குடல் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. தீன் நிச்சயம் என்றானால் மந்தை அங்கேயே கூடி நிற்கும், அடுத்த ஆண்டு தலைகளும் கூடும். தண்ணீரின் கணக்கு வேறு. வெப்ப நாளில் குதிரைக்கு 20 லீற்றர் என்று வைத்தாலும் நூறு குதிரைக்கு 2,000 லீற்றர்; சிறிய பவுசர் ஒன்று கொள்ளும் அளவு.

ஆயினும் பவுசரும் அவசரத்துக்கான வழிதான். ஒரேயிடத்தில் தொட்டி வைத்தால் வலிய ஆண்குதிரை மற்றவற்றை நெருங்க விடாது. சுற்றிலும் உள்ள புல் மிதிபட்டு அழியும். ஒன்றுக்கு நோய் என்றால் தொட்டி வழியே மற்றவற்றுக்கும் பரவும். மாரிக்கு முன் துரவுகளையும் குளங்களையும் தூர்வாரி, நீர்நிலைகளைத் தரவை முழுவதும் பரவலாக வைத்திருப்பதே நிலையான வழி. குடிதண்ணீருக்கு மக்களே அலையும் தீவில் குதிரைக்கு நீரா என்ற கேள்வி நியாயமானது. நாம் குடிக்க முடியாத ஓரளவு உவர்நீரைக் குதிரை தாங்கும் என்பதால், ஊராரின் நல்ல நீரில் கைவைக்க வேண்டியதில்லை. தூர்வாரிய குளத்தால் அதே தரவையில் மேயும் ஊர் மாடுகளும் பயன்பெறும்.

அமெரிக்காவின் அசட்டீக் தீவிலும் இதே போல் மட்டக்குதிரைகள் உண்டு. வர்ஜீனியாப் பக்கத்து மந்தை சிங்கட்டீக் தொண்டர் தீயணைப்புப் படைக்குச் சொந்தம். வளர்ந்த குதிரைகள் 150க்கு மேல் போகக்கூடாது என்பது அங்கு நிபந்தனை. 1920கள் முதல் ஆண்டுதோறும் யூலையில் குட்டிகளை ஏலம் விடுகிறார்கள், கால்நடை வைத்தியரும் வந்து பார்க்கிறார். மேரிலாந்துப் பக்கத்து மந்தையைத் தேசியப் பூங்காச் சேவை கவனிக்கிறது. அங்கு ஏலம் இல்லை, கருத்தடை ஊசியால் தொகையை மட்டுப்படுத்தி வந்திருக்கிறார்கள். ஏலம் நெடுந்தீவுக்குப் பொருந்தாது. பிடித்து விற்கத் தொடங்கினால் தடையே பொருளற்றுப் போகும். பார்க்க வேண்டியது வேறொன்று: இரண்டு மந்தைகளுக்கும் பொறுப்பாளர் உண்டு. இவ்வளவு தூரம் போகாமலே மன்னாரில், கட்டாக்காலிக் கழுதைகளுக்கென ஒரு தொண்டு அமைப்பு வைத்திய நிலையம் அமைத்திருக்கிறது.

நெடுந்தீவில் 2015 யூனில் ஏறத்தாழ 1,846 ஹெக்டேயர் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தீவின் மூன்றிலொரு பங்குக்கும் மேல் அது. ஆனால் குதிரைக்கு எல்லைக்கல் தெரியாது. பூங்காவுக்குள் நிற்கும்போது வனஜீவராசிகள் திணைக்களத்தின் பிராணி, வெளியே வந்தால் கட்டாக்காலி என்ற நிலை மந்தைக்கு உதவாது. திணைக்களமும் பிரதேச செயலகமும் மாடு வளர்ப்போரும் உட்கார்ந்து நான்கு விடயங்களை எழுத்தில் முடிவு செய்ய வேண்டும்: ஆண்டுக்கொரு தலைக்கணக்கு, மாரிக்கு முன் தூர்வாருதல், எந்த நீர்மட்டத்தில் பவுசர் புறப்பட வேண்டும் என்ற அளவு, சுற்றுலாப் பயணிகள் தீன் கொடுக்கத் தடை. குதிரைகளை அவற்றின் பாட்டுக்கு விடுவது நல்ல முறைதான். ஆனால் அவை தீவை விட்டுப் போகக்கூடாது என்று தடை போட்ட அரசு, அவற்றின் தண்ணீருக்கும் பொறுப்பேற்க வேண்டும்.