ஜெர்ரி லூயிஸும் அந்த எண்பலகையும்

போன வாரம் பூராவும் பால் லாங்மோரின் டெலிதான் புத்தகத்தோடு போயிற்று. கூடவே யூடியூபில் பழைய காணொளிகள். ஜெர்ரி லூயிஸ் என்றால் நமக்கு அஷ்டகோணல் சேட்டை செய்கிற ஹாலிவுட் காமெடியன், அவ்வளவுதான். அமெரிக்காவில் அவருக்கு இன்னொரு முகம் உண்டு. எம்.டி.ஏ. என்கிற தசைச் சிதைவு நோய்ச் சங்கத்துக்கு நிதி திரட்டித் தந்தவர். 1966 முதல் 2010 வரை, செப்டம்பரில் வரும் தொழிலாளர் தின விடுமுறையில், ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க டிவியில் நின்று வசூல் செய்தார். மொத்தம் 200 கோடி டாலருக்கு மேல்!

பாட்டு, ஜோக், நடுவில் வீல்சேரில் ஒரு குழந்தை. ஜெர்ரி கண் கலங்குவார். பின்னால் எண்பலகையில் தொகை ஏறும்.

எனக்கு உறுத்தியது அந்தப் பலகைதான். ஆபீஸில் டாஷ்போர்டில் ஒரே ஒரு எண்ணை வைத்துப் பாருங்கள், மொத்த டீமும் அதன் பின்னால் ஓடும். இங்கேயும் அதே கதை. அழவைத்தது பணம் கொண்டுவந்தது, அதனால் அடுத்த வருஷமும் அதையே காட்டினார்கள். இந்த நோயோடு வேலைக்குப் போகிற, குடும்பம் நடத்துகிற பெரியவர்கள் எத்தனையோ பேர். ஆனால் எல்லோருக்கும் ‘ஜெர்ரியின் குழந்தைகள்’ என்றே பெயர்.

1981-லேயே நியூயார்க் டைம்ஸில் இதை எதிர்த்து எழுதினார் ஈவன் கெம்ப். அவருக்கும் தசை நோய்தான். சங்கத்தை ஆரம்பித்தவர்களில் அவருடைய பெற்றோரும் உண்டு என்பதைக் கவனியுங்கள். இப்படிப் பயமுறுத்தினால் எங்களுக்கு யார் வேலை தருவார்கள் என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். ஜெர்ரி மாறவில்லை. 1990 ஜூலையில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கையெழுத்தானது. ஆறு வாரம்கூட ஆகவில்லை, தனக்கு இந்த நோய் வந்தால் பாதி மனிதனாகத்தான் இருக்க வேண்டும் என்கிற தொனியில் பரேட் இதழில் கட்டுரை எழுதுகிறார். அடுத்த வருஷமே, சிறுவயதில் சங்கத்தின் போஸ்டரில் இருந்த மைக் எர்வினும் அவர் சகோதரியும் ‘ஜெர்ரியின் அநாதைகள்’ என்று பெயர் வைத்துக்கொண்டு போராட இறங்கினார்கள். என்ன பெயர் பாருங்கள்!

லாங்மோர் இதைத் தனிமனிதக் குறையாக விட்டுவிடவில்லை. அரசு மருத்துவக் காப்பீடு எல்லோருக்கும் இல்லாத நாட்டில் வீல்சேருக்கும் தர்மத்தையே நம்ப வேண்டியிருந்தது, அந்த இடத்தில்தான் டெலிதான் செழித்தது என்கிறார். புத்தகத்தின் பலமான பகுதி இது. ஆனால் எனக்கு முழுசாக ஒட்டவில்லை. இலவச மருத்துவம் இருந்த பிரிட்டனிலும் ஐ.டி.வி. டெலிதான் நடந்ததே? 1990-லும் 1992-லும் மாற்றுத்திறனாளிகள் அதன் வாசலிலேயே திரண்டு எதிர்த்தார்கள். காப்பீடு வந்துவிட்டால் இரக்கக் காட்சி தானாகப் போய்விடும் என்று நம்ப முடியவில்லை.

ஜெர்ரியைத் திட்டுகிறவர்கள் தாண்ட முடியாத ஒரு விஷயமும் இருக்கிறது. 1986-ல் டுஷேன் வகை நோய்க்கான மரபணுவைக் கண்டுபிடித்த லூயி குங்கெல் குழுவுக்குப் போனது எம்.டி.ஏ. பணம். கண்ணீரில் வந்த காசுதான் அது. அதற்காகக் கெம்ப் கேட்டது தப்பாகிவிடாது. மேடையில் யாரை, எப்படிக் காட்டுகிறீர்கள் என்றுதான் அவர் கேட்டார். ஆராய்ச்சியை நிறுத்தச் சொல்லவில்லை.

2011-ல் சங்கம் ஜெர்ரியை விலக்கியது. 2014-க்குப் பிறகு டெலிதானே நின்றது. 2020-ல் ஆன்லைனில் மறுபடி ஒன்று வந்தது, நடத்தியவர் காமெடியன் கெவின் ஹார்ட். அதற்கு வைத்த பெயர் ‘கெவின் ஹார்ட் கிட்ஸ் டெலிதான்’. ஜெர்ரி போனார், கிட்ஸ் போகவில்லை.