ஒரு குழு, சில குரல்கள்

காஸ்ட்லெஸ் கலெக்டிவ் பற்றி நான் படித்த பாராட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. எழுதியவர் அந்தக் குழுவின் எந்தக் குரலையும் தனியாகக் கேட்டதற்கான தடயம் அவற்றில் இல்லை. 'ஒடுக்கப்பட்டோரின் குரல்' என்று எழுதுகிறார்கள். ஒருமையில். மேடையில் பத்தொன்பது பேர் நின்றார்கள். அவர்களில் யார் சுருதியை மேலே பிடிக்கிறார், யார் சொல்லைக் கடித்துத் துப்புகிறார், யாருக்குத் தாளத்தின் பின்னால் அரை நொடி தங்கிவிடும் சோம்பல் வாய்த்திருக்கிறது என்பது பற்றி ஒரு வாக்கியம் கிடையாது. செம்பை, மதுரை மணி என்றால் பிருகாவரைக்கும் எண்ணிப் பார்க்கிற ரசனை இங்கே வந்ததும் சமூகவியலாகிவிடுகிறது. காரணத்தைப் பாராட்டிவிட்டுப் பாட்டைக் கேட்காமல் எழுந்து போவதும் ஒருவகையில் தள்ளி நிற்பதுதான்.

ராக் இசை ரசிகர்களிடம் ஒரு விளையாட்டு உண்டு. குழுவில் ஒவ்வொருவரிடமிருந்தும் உனக்குப் பிடித்த ஒரே ஒரு பாட்டைச் சொல். தாம்பரம் கிறிஸ்துவக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்த மூன்று வருஷமும் பீட்டில்ஸை வைத்து இதை நாங்கள் ஆடினோம். அதற்கு வசதியாக அந்த நால்வரும் 1970ஆம் ஆண்டிலேயே ஆளுக்கொரு தனி இசைத்தட்டு வெளியிட்டிருந்தார்கள். 1978இல் கிஸ் என்ற அமெரிக்கக் குழு ஒரு படி மேலே போய், நான்கு உறுப்பினர்களின் நான்கு தனித்தட்டுகளை ஒரே நாளில் கடைக்கு அனுப்பியது. சரக்கு எப்படியோ, வியாபாரம் தெளிவு. ஆனாலும் இந்த விளையாட்டை அசட்டுத்தனம் என்று தள்ள எனக்கு மனமில்லை. க.நா.சு. பட்டியல் போடுகிறார், விமர்சனம் செய்யவில்லை என்று கேலி செய்தவர்கள் உண்டு. பட்டியல் போடுகிறவன் ஒன்றை எடுக்கும்போதே பத்தை விடுகிறான்; விட்டதற்கு அவன் பொறுப்பு. பாராட்டு எழுதுகிறவனுக்கு அந்தப் பொறுப்பு கிடையாது. ஆகவே இங்கே நான் பட்டியலே போடுகிறேன்.

குழுவின் பூர்வீகம் எல்லோருக்கும் தெரிந்தது. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து 2017இல் பாடகர்களைத் தேடிச் சேர்த்தார்கள். 2018 ஜனவரி 6ஆம் தேதி கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் முதல் மேடை. 'சாதியற்ற தமிழர்' என்று அயோத்திதாசப் பண்டிதர் ஆண்ட சொல்லிலிருந்து பெயர் வந்தது. பண்டிதர் 1907இல் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தியவர். நாமெல்லாம் சிற்றிதழ் நடத்துவதைப் பெரிய தியாகமாகச் சொல்லிக்கொள்ளும்போது அந்த ஒரு பைசாவை நினைத்துக்கொள்வது நல்லது. நான் தினமும் ரயிலில் கடக்கிற தாம்பரம் சானடோரியத்தில், தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு அவர் பெயர்தான். வருகிற நோயாளிகளில் எத்தனை பேர் அந்தப் பெயரைப் படிக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். பீட்டில்ஸ் விளையாட்டு இங்கே அப்படியே செல்லாது. அங்கே நால்வரும் முதலில் ஒரு குழுவாகப் பெயர் பெற்று, பிறகு தனி ஆளாக உடைந்தார்கள். கானாவில் நிலைமை தலைகீழ். மரண வீட்டில் விடிய விடியப் பாடுகிறவன் தனி ஆள்தான், ஆனால் பெயரில்லாத தனி ஆள். கீர்த்தனைக்கு முத்திரை இருப்பதுபோலச் சிலர் தம் பெயரையும் ஏரியாவையும் பாட்டின் இடுக்கில் சொருகிக்கொள்வார்கள். பாட்டு பத்துத் தெரு தாண்டுவதற்குள் அதுவும் உதிர்ந்து, இன்னொருவன் பெயர் ஏறிவிடும். இதை வடசென்னை இசை என்று சொல்வதும் இப்போது பாதி உண்மைதான். 2000த்துக்குப் பிறகு நகரத்தின் நடுவிலிருந்து குடிசைகள் கிளப்பப்பட்டு, கண்ணகி நகரில் மட்டும் 15,000க்கு மேற்பட்ட குடியிருப்புகள் எழுந்தன. செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் தொடர்ந்தன. ஜனங்கள் தெற்கே வந்தபோது பாட்டும் கூட வந்தது. எங்கள் பக்கம் சாவு வீட்டுக் கானாவைக் கேட்டு, இதெல்லாம் இங்கே எப்படி என்று முகம் சுளிக்கிறவர்கள் அந்த லாரிகளைப் பார்க்காதவர்கள்.

எலியட் 1919இல் எழுதிய கட்டுரையில், கவிஞன் தன்னை மரபிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்றார். பி.ஏ. வகுப்பில் இதைப் பெரிய ஞானமாக எழுதி மதிப்பெண் வாங்கினேன். ஆனால் மரபே பெயரை அழிக்கிற இடத்தில் பிறந்தவனிடம் போய், உன்னை ஒப்படைத்துவிடு என்று சொல்ல முடியுமா? காஸ்ட்லெஸ் கலெக்டிவ் செய்த காரியம், என் பார்வையில், பலரைச் சேர்த்து ஒரே குரலாக்கியதல்ல. சுவரொட்டியில் ஒவ்வொருவர் பெயரையும் போட்டது. ஆகவே ஒவ்வொருவரிடமிருந்தும் ஒரு பாட்டு என்ற விளையாட்டு இங்கே ரசிகனின் பொழுதுபோக்காக இருக்க முடியாது.

அறிவிலிருந்து தொடங்குகிறேன். எல்லோரும் 'எஞ்சாயி எஞ்சாமி'யைச் சொல்வார்கள். அது குழுவின் பாட்டு அல்ல. 2021 மார்ச்சில் தீ, சந்தோஷ் நாராயணனுடன் வெளிவந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளிடமிருந்து அறிவு எடுத்த பொருள். காணொளியில் அந்தப் பாட்டியும் தோன்றுகிறார். அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அந்தப் பாட்டையும் 'நீயே ஒளி'யையும் முன்வைத்துத் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். இரண்டிலும் எழுத்துப் பங்கு உள்ள அறிவு இல்லை. ரஞ்சித் கேட்ட பிறகு அறிவுக்கு ஒரு மின் அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையில் அவர் இல்லாமல் பாட்டு நடந்தது. எழுதியதும் மெட்டமைத்ததும் தானே என்று அறிவு சொன்னார், சந்தோஷ் நாராயணன் தம் பங்கை விளக்கினார். அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் யாருமில்லை. வங்கியில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் ஒன்று தெரியும்: கூட்டுக் கணக்கில் பணம் போடும்போது யாரும் சண்டை போடுவதில்லை.

என் தேர்வு 'கள்ளமௌனி'. 2019இல் ஓஃப்ரோவுடன் அறிவு செய்த 'தெருக்குறள்' தொகுப்பில் இருப்பது. அதே தொகுப்பின் 'ஆன்ட்டி இந்தியன்' அதிகப் புகழ் பெற்றது, ஆனால் அதில் எதிரி வெளியே இருக்கிறான். கேட்கிறவனுக்குக் கைதட்டிவிட்டுப் போக வசதி இருக்கிறது. 'கள்ளமௌனி'யில் தலைப்பே நம்மைப் போன்ற ஆட்களுக்கான வசை. அறிவின் ராப்பை உடனே திருப்புகழ்ச் சந்தத்தோடு ஒப்பிட்டுக் கௌரவப்படுத்தும் ஆசை சிலருக்கு வருகிறது. வேண்டாம். அருணகிரியின் சந்தம் கேட்பவனைத் தாளத்தில் கிறங்கடிக்கிறது. அறிவின் வேகம் கேட்பவனுக்கு மறுப்புச் சொல்ல இடைவெளி கொடுக்காத வேகம். அது சண்டைக்காரியின் மூச்சு, ஒப்பாரிக்காரியின் மூச்சும்கூட. தெருக்குழாயடியில் இதைக் கேட்டிருக்கிறோம், இலக்கியம் என்று எண்ணாமல். 2024இல் 'வள்ளியம்மா பேராண்டி' என்றே ஒரு தொகுப்புக்கு அவர் பெயர் வைத்தார். பேராண்டி என்ற சொல்லில் இருக்கிற உரிமை, 'இடம்பெறுபவர்' என்று பாடகர் பெயரின் பின்னால் சிறிய எழுத்தில் போடுவதில் இல்லை.

இசைவாணி விஷயம் சிக்கலானது. கானா ஆண்களின் கூடாரம். பெண் அதில் பாட்டின் பொருளாக வருவாள், பாடுகிறவளாக வருவது அபூர்வம். பிபிசி 2020இல் தன் நூறு பெண்கள் பட்டியலில் அவரைச் சேர்த்தது. எனக்குப் பிடித்தது 'ஐ ஆம் சாரி ஐயப்பா'. சபரிமலைத் தீர்ப்பு வந்த 2018இல் எழுந்த மேடைப்பாட்டு. தலைப்பைப் பாருங்கள். அலுவலகத்தில், பேருந்தில், ரேஷன் கடையில் காலையிலிருந்து இரவுவரை பெண்கள் சொல்கிற சொல் அந்த 'சாரி'. மன்னிப்பு என்ற வடிவத்தை எடுத்து அதற்குள் மன்னிப்பே கேட்காமல் நிற்கிற தந்திரம் சாதாரணமானதல்ல. இசைவாணி அதைக் கோஷமாகக் கத்தவில்லை. விளையாட்டுப்போலப் பாடுகிறார்; தொண்டையில் கானாவுக்கே உரிய கரகரப்பு இருந்தும் வார்த்தையின் ஓரம் மழுங்குவதில்லை. கோபம் பாவனையில் இல்லை, தாளத்தில் சரியாக வந்து விழுகிற அந்த நிதானத்தில் இருக்கிறது.

ஆறு ஆண்டு கழித்து, 2024 நவம்பரில், இந்தப் பாட்டுக்காக அவர்மீது புகார்கள் கிளம்பின. மிரட்டலும் வசையும் அவர் பெயரைச் சொல்லியே வந்தன. பாட்டு 2018இலிருந்தே மேடைகளில் பாடப்படுவது, பெண்கள் கோயிலில் நுழையும் உரிமையைப் பேசுவது என்று நீலம் பண்பாட்டு மையம் விளக்கம் கொடுத்தது. இதில் நம் வட்டத்துக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். புகழ் வருகிற நாளில் அதைக் குழுவின் குரல் என்று எழுதினோம். அந்தப் பெண்ணின் உச்சரிப்பையோ, சிரிப்பையோ, அவர் அந்த வரிகளில் செய்திருக்கும் தேர்வையோ யாரும் பேசவில்லை. வசை வருகிற நாளில் அது ஒரு தனிப் பெண்ணின் பாட்டாகிவிட்டது. அதன் கலையைப் பற்றி முன்பே பத்துப் பக்கம் எழுதப்பட்டிருந்தால் மிரட்டல்கள் வந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. எழுதப்படவில்லை என்பதைச் சொல்கிறேன்.

முத்துவுக்கு 'வம்புல தும்புல', 'சார்பட்டா பரம்பரை' 2021. குழுவுக்கு வெளியே, சினிமாவுக்காகப் பாடியது, இசைவாணியும் உண்டு. சினிமாவில் கானா என்றால் கதாநாயகன் குடித்துவிட்டு ஆடுவது என்பது விதி. இங்கே முத்து பாடும்போது பின்னால் ஒரு ஊரே நிற்கிற உணர்வு கிடைக்கிறது. அதிகம் சொல்ல இல்லை. நல்ல கானாக் குரலைப் பற்றி உரைநடையில் எழுதுவது மிளகாயைப் பற்றி எழுதுவதுபோல.

டென்மா பாடகராகத் தெரிந்ததைவிட, மற்றவர்களின் பாட்டுக்கு இடம் ஒதுக்கியவராகவே எனக்குத் தெரிகிறார். கபேர் வாசுகியோடு 'குரங்கன்' நடத்தியவர், பிறகு 'இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு', 'நட்சத்திரம் நகர்கிறது' படங்களுக்கு இசையமைத்தவர். அவருக்கு நான் தேர்ந்தெடுப்பது 'ஜெய்பீம் ஆந்தம்'. 'கோட்டா பாட்டு' இடஒதுக்கீட்டை விளக்க எழுந்த பாட்டு; விளக்கம் ஜெயிக்கிறது, பாட்டு தோற்கிறது. 'ஜெய்பீம்' முழுக்கக் கோஷமாகப் போயிருக்க வேண்டியது, போகவில்லை. கிட்டார் ஒரே சுருதியில் நிற்கிற வாத்தியம். பறையோ நெருப்பில் காய்ச்சி ஏற்றுவது. சென்னையின் கடல் ஈரத்தில் தோல் மறுபடி தளரும். இரண்டையும் ஒரே மேடையில் வைத்தால் சாதாரண ஏற்பாட்டாளன் பறையைப் பின்னால் தள்ளி, வண்ணத்துக்காக நான்கு அடி அடிக்க விடுவான். டென்மா பறையின் நடைக்குக் கிட்டாரை நடக்க வைக்கிறார். இந்த ஒரு முடிவுக்காகவே அது டென்மாவின் பாட்டு, யார் பாடியிருந்தாலும்.

அப்படியானால் அந்தப் பறையை அடித்தவரின் பாட்டு எது? சட்டி, தவில், டிரம்ஸ் வாசித்தவர்களுடையது எது? கிஸ் குழுவின் டிரம்மருக்கும் 1978இல் அவர் முகம் போட்ட ஒரு தட்டு கிடைத்தது. ரிங்கோவுக்கு 1970இலேயே இரண்டு கிடைத்தன, பாடத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும். இங்கே தோல்வாத்தியக்காரர்களில் ஒருவர் பெயரில் நான் கேட்டுத் தேர்ந்தெடுக்கத் தனிப்பாட்டு எதுவும் என் கைக்கு வரவில்லை. பட்டியலில் அந்த இடங்களைக் காலியாக விட்டு எண் மட்டும் போட்டிருக்கிறேன்.