மாங்கூழும் மாதிரி ஆட்டமும்: வணிக விளையாட்டுகள் பற்றி ஒரு திறனாய்வு

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள் நம் பெரியவர்கள். வணிகப் படிப்புக்கு இது மிகவும் பொருந்தும். பேரேடும் ஐந்தொகையும் நூறு தரம் எழுதிப் பழகியவன்கூட, கையில் விற்காத சரக்கும் வாசலில் கடன்காரரும் நிற்கும்போது தடுமாறிப் போகிறான். இக்குறையைத் தீர்க்க வந்தவைதாம் வணிக மாதிரி விளையாட்டுகள். கடற்படையின் போர்ப் பயிற்சி ஆட்டங்களைப் பார்த்து, அமெரிக்க மேலாண்மைச் சங்கம் 1956-இல் நிர்வாகிகளுக்கென ஓர் ஆட்டத்தை அமைத்தது. பிறகு இவை உலகெங்கும் கல்லூரிகளில் பாடமாயின. இவை எதைக் கற்பிக்கின்றன, எதை மறைக்கின்றன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நமக்குத் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குவோம். கோடை விடுமுறையில் பிள்ளைகள் கூடத்தில் பரப்பி வைத்து ஆடும் 'பிசினஸ்' அட்டை, மோனோபொலி ஆட்டத்தின் வழிவந்தது. அதற்கும் மூலமான ஆட்டத்துக்கு 1904-இல் காப்புரிமை பெற்றவர் எலிசபெத் மகி என்ற அமெரிக்கப் பெண்மணி. நிலத்தை வளைத்துப் போட்டவன் வாடகையாலேயே மற்றவரை ஓட்டாண்டி ஆக்கிவிடுவான் என்று எச்சரிப்பதே அவர் எண்ணம். 1935-இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் வெளியிட்ட மோனோபொலியில் எச்சரிக்கை போய், ஓட்டாண்டி ஆக்கியவனே ஜெயித்தவன் என்பது மட்டும் மிஞ்சியது. ஆகவே, ஆட்டத்தை அமைத்தவர் மனத்தில் என்ன இருந்தாலும் ஆடுபவர் கற்பது விதியில் உள்ளதை மட்டுமே. விதியில் இல்லாதது பாடத்திலும் இல்லை. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொள்வோம்.

மேலாண்மை வகுப்புகளில் புகழ்பெற்றது 'பீர் விளையாட்டு'. 1960 வாக்கில் எம்.ஐ.டி.யில் ஜே ஃபாரெஸ்டர் குழுவினர் உருவாக்கியது. சில்லறைக் கடைக்காரர், மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலை என நான்கு பேர். ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது. வாரந்தோறும் ஒரு சீட்டில் எத்தனை பெட்டி வேண்டும் என்று எழுதி மேலே அனுப்ப வேண்டும். சரக்கு வந்து சேரச் சில வாரம் ஆகும். தேங்கும் பெட்டிக்கு வாரம் அரை டாலர் செலவு, கொடுக்க முடியாமல் பாக்கி நிற்கும் பெட்டிக்கு ஒரு டாலர்.

போன பொங்கல் விடுமுறையில் காணிப்பாக்கத்தில் என் தங்கை வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளோடு இதை ஆடிப் பார்த்தேன். பீர் என்ற பேரைச் சொன்னதுமே என் அம்மா முகம் சுளித்தார். சித்தூர்ச் சீமையில் மாவுக்கா பஞ்சம் என்று, மாம்பழச் சாற்றுப் பெட்டி என மாற்றிக்கொண்டோம். டாலர் ரூபாயானது, பெட்டிக்குப் பதில் புளியங்கொட்டை. விதி ஒன்றையும் தொடவில்லை.

முதல் நான்கு வாரம் வாடிக்கையாளர் கேட்டது நாலு நாலு பெட்டி. ஐந்தாம் வாரம் எட்டு. கடைசி வரை எட்டேதான். ஆனால் கடைக்காரி பயந்து பன்னிரண்டு கேட்டாள். மொத்த வியாபாரி இருபது கேட்டான். ஆலைக்குப் போனபோது அது நாற்பதாகிவிட்டது! பிறகு சரக்கு வந்து குவிந்தபோது ஆலைக்காரனுக்கு ஆர்டரே இல்லை. "கஸ்டமருங்க ஏமாத்திட்டாங்க மாமா" என்றான். கடைக்காரியின் சீட்டைத் திருப்பிக் காட்டினேன். வாயடைத்துப் போனான். பிடியில் சிறு அசைவு, நுனியில் பெரும் வீச்சு. இதைத்தான் சாட்டை விளைவு என்கிறார்கள். ஜான் ஸ்டெர்மன் 1989-இல் வெளியிட்ட ஆய்வில், ஆடியவர்களின் செலவு இருக்க வேண்டியதைப்போல் சராசரியாகப் பத்து மடங்கு இருந்தது. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. தாமதத்தையும் அடுத்தவர் நிலையையும் கணக்கில் எடுக்காததே பிழை. பத்துப் பக்கப் பாடம் செய்யாததை இரண்டு மணி நேர ஆட்டம் செய்கிறது. அந்த மட்டில் இதற்கு என் முழு மதிப்பெண்.

ஆட்டம் முடிந்ததும் மொத்த வியாபாரியாக ஆடிய பையன் ஒரு கேள்வி கேட்டான். அவன் அப்பாவுக்குப் பெங்களூரா மாந்தோப்பு உண்டு. "மாமா, மரத்தை வெட்டிடலாமான்னு அப்பா கேக்குறார். இந்த ஆட்டத்துல அதுக்கு வழி இருக்கா?"

இல்லை. அவன் அப்பாவுக்கு அந்த ஆட்டத்தில் நாற்காலியே கிடையாது.

2025 ஜூனில் நடந்ததை நாம் மறக்கவில்லை. முந்தைய பருவத்துக் கூழ் ஆலைக் கிடங்குகளில் தேங்கிக் கிடக்க, புது விளைச்சல் வந்து இறங்கியது. பெங்களூரா விலை சரிந்தது. ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் தர வேண்டும், அரசு 4 ரூபாய் சேர்க்கும் என்று ஆந்திர அரசு அறிவித்தது. வெளிமாநில மாங்காய் சித்தூர் மாவட்டத்துக்குள் வரத் தடை விதிக்க, கர்நாடக முதல்வர் கடிதம் எழுதும் அளவுக்கு அது போயிற்று. அது சாட்டையின் வீச்சேதான். ஆனால் அடி விழுந்தது ஆட்டத்தில் இல்லாதவர் முதுகில்.

பேரை மாம்பழச் சாறு என்று மாற்றியதும் விதியின் குறைகள் மூன்று பளிச்செனத் தெரிந்தன. ஒன்று, அதில் விலை மாறுவதே இல்லை. சந்தையில் குவிந்தால் விலை விழும். இரண்டு, அதில் சரக்கு அழுகாது; பறித்த மாங்காய் வாரக்கணக்கில் காத்திருக்காது. மூன்று, ஆலை ஆர்டரைக் குறைத்தால் அடுத்த வாரமே சரிக்கட்டலாம். ஒட்டுக்கன்று நட்டவர் காய் பார்க்க நான்கைந்து வருடம் ஆகும். வெட்டினால் அத்தனை வருடமும் போச்சு.

நிதிக் கணக்குப் பாடத்திலும் ஓட்டை உண்டு. ஆட்டத்தில் செலவு மட்டும்தான்; ரொக்கம் இல்லை, கடன் இல்லை. நிஜத்தில் கிடங்கில் கிடக்கும் கூழ் ஐந்தொகையில் சொத்துப் பக்கம் உட்கார்ந்திருக்கும். அடக்க விலை, விற்றால் செலவு போகக் கிடைக்கும் விலை, இரண்டில் எது குறைவோ அதில்தான் கையிருப்பை மதிக்க வேண்டும் என்பது கணக்கியல் விதி. அதை மீறிப் பழைய விலையிலேயே எழுதினால் ஏட்டில் லாபம் தெரியும், பெட்டியில் பணம் இருக்காது. இந்த வித்தியாசத்தைக் காணும் கண்தான் நிதிப் பகுப்பாய்வு. அதை இந்த ஆட்டம் தருவதில்லை.

குறை சொல்லிவிட்டுப் போவது அழகல்ல. ஐந்தாவது நாற்காலி ஒன்றைப் போடுவோம், அதில் தோப்புக்காரர் உட்காரட்டும். விற்காத காய் இரண்டு வாரத்தில் குப்பைக்குப் போகட்டும். குவிந்தால் விலை இறங்கட்டும். ஒவ்வொருவர் கையிலும் ரொக்கக் கணக்கு ஒன்று இருக்கட்டும். மேலாண்மைப் பள்ளி திருப்பதி மாவட்டத்து ஸ்ரீசிட்டியிலேயே இருக்கிறது, கூழ் ஆலைகள் சித்தூரைச் சுற்றி இருக்கின்றன. நம் சங்கமே ஒரு நாள் இரு தரப்பையும் தோப்புக்காரர்களோடு ஒரே மேசையில் உட்கார வைத்து ஆடச் செய்யலாமே? ஆலைக்காரர் தோப்பு நாற்காலியிலும் தோப்புக்காரர் ஆலை நாற்காலியிலும் உட்கார்ந்தால் இன்னும் நல்லது.

காணி என்பது நிலத்துக்கும் பெயர், பழந்தமிழ்க் கணக்கில் எண்பதில் ஒரு பங்குக்கும் பெயர். நிலத்தையும் கணக்கையும் ஒரே சொல்லில் வைத்தவர்கள் நம்மவர்கள். காணிப்பாக்கத்துப் பிள்ளையார் முன்னால் பொய்ச் சத்தியம் செய்ய இன்றும் ஊர் அஞ்சுகிறது. ஆட்டத்துக்கும் அந்த அச்சம் வேண்டும்: யார் நஷ்டப்படுகிறாரோ அவரை விட்டுவிட்டுக் கணக்கு முடிக்கக் கூடாது.

அந்தப் பையனின் அப்பா இன்னும் மரத்தை வெட்டவில்லை. வரும் விடுமுறையில் ஐந்து நாற்காலியோடு ஆடிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.