பழவேற்காடு: கல்லறையும் முட்புதரும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குக் கிழக்கே, ஏரிக்கரையில் இருக்கிறது பழவேற்காடு. 1613-இல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்ட்ரியா கோட்டை எங்கேன்னு கேட்டால் முட்புதரைக் காட்டுகிறார்கள். டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது: வாசலில் இரண்டு எலும்புக்கூட்டுச் சிற்பங்கள், உள்ளே பெயர் பொறித்த கற்கள். இந்த ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்தச் செதுக்கலின் அழகிலேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கு உறுத்துவது அதுதான். 1620-களில், பஞ்சத்திலும் போரிலும் சிக்கிய ஆயிரக்கணக்கான மனிதர்களை இந்தக் கரையிலிருந்துதான் அடிமைகளாகப் பத்தேவியாவுக்குக் கப்பலேற்றினார்கள். 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போனது. பிறகு கோட்டையும் சிதைந்தது. வாங்கி விற்றவர்களுக்குக் கல்லறை இருக்கு. விற்கப்பட்டவர்களுக்கு ஒரு கல்லும் இல்லை. பழவேற்காட்டைப் பற்றி எழுதுகிறவர் அந்த முட்புதரிலும் கொஞ்ச நேரம் நிற்கணும்.