செல்லப்பா நடத்திய வகுப்பு

ஆசிரியர் நண்பர்களே, மாணவர்களே, பழைய சிற்றிதழ் ஒன்றை எப்போதாவது முழுசாகப் படித்திருக்கிறீர்களா? பாடத்துக்கு வேண்டிய கவிதையை மட்டும் நகலெடுத்துக்கொண்டு போவதைச் சொல்லவில்லை. தலையங்கம், வாசகர் கடிதம், சண்டை சச்சரவு எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்கிறேன். எனக்கு அந்தப் பித்து உண்டு. அதைப் பிடிக்க வைத்தது சி.சு. செல்லப்பாவின் 'எழுத்து'.

1959 ஜனவரியில் சென்னையில் தொடங்கி 1970 வரை 119 இதழ்கள் வந்தன. புதுக்கவிதை பற்றிய கேள்விக்கு, "'எழுத்து' இதழ் புதுக்கவிதையை வளர்த்தது" என்று ஒரு வரி எழுதுகிறோம். மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. சரி, எப்படி வளர்த்தது? விஷயமே அங்கேதான் இருக்கு.

இதழைத் தொடங்கும்போது செல்லப்பாவுக்கு 46 வயது. மணிக்கொடிக் காலத்துச் சிறுகதைக்காரர். திருகோணமலையிலிருந்து தருமு சிவராமு என்றொரு இளைஞர் அவருக்கு எழுதி அனுப்புகிறார். வயது இருபதை ஒட்டித்தான். பின்னாளில் பிரமிள் என்று நாம் அறிந்தவர் அவரே. கவிதையை மட்டும் போட்டிருந்தால் நான் வியக்க மாட்டேன். இளையோரை ஊக்குவிக்கிறோம் என்று ஒரு மூலையில் இடம் கொடுப்பது எங்கும் நடப்பதுதானே. செல்லப்பா அவருடைய விமர்சனக் கட்டுரைகளையும் வெளியிட்டார். "நீ இன்னும் கத்துக்கணும் தம்பி" என்று உட்கார வைக்கவில்லை. சுந்தர ராமசாமி 'பசுவய்யா' என்ற பெயரில் எழுதிய முதல் கவிதையும் 'எழுத்து'வில் வந்ததுதான். 1962இல் வந்த 'புதுக்குரல்கள்' தொகுப்பில் 24 பேரின் 63 கவிதைகள். மூத்தவர் ந. பிச்சமூர்த்தியும் நேற்று வந்தவர்களும் ஒரே அட்டைக்குள்.

செல்லப்பாவுக்கும் ஒரு மூத்தவர் இருந்தார். மணிக்கொடியைச் சிறுகதை இதழாக நடத்திய பி.எஸ். ராமையா. இருவருக்கும் ஊர் வத்தலக்குண்டு. அந்த நன்றிக்கடனை அவர் மாலை போட்டுத் தீர்க்கவில்லை. உட்கார்ந்து 'ராமையாவின் சிறுகதை பாணி' என்று ஒரு நூலே எழுதினார். ஒரு கதையாசிரியருக்கு இதைவிடப் பெரிய மரியாதை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஒன்றை மறைக்கக் கூடாது. செல்லப்பாவின் விமர்சன நடை வறண்டது. 'வாடிவாசல்' எழுதிய கையா இது என்று சில பக்கங்களில் திணறியிருக்கிறேன். மாணவர்களே, அவரிடம் நடையைக் கற்காதீர்கள், பொறுமையைக் கற்றுக்கொள்ளுங்கள்.

மலாயாவில் நாளிதழே இந்த வேலையைச் செய்தது. 1950இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் தமிழ் நேசனில் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். பெயரிலேயே வகுப்பு! நம்மைப் போன்றவர்களுக்கு நெருக்கமானது. கதையை எப்படிக் கட்டுவது என்பதை வகுப்பில் சொல்லித் தரலாம். எழுதியதை இன்னொருவர் மறுத்துப் பேச, அதற்குப் பதில் சொல்லிப் பழக, ஓர் இதழ் வேண்டும். எனக்கு இரண்டும் வேண்டும் என்றுதான் படுகிறது.

போன வருஷம் ஒரு மாணவி, பாடநூல் கதை ஒன்று தனக்கு ஏன் பிடிக்கவில்லை என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தாள். "தேர்வுல இப்படி எழுதிடாதேம்மா" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். தேர்வுக்கு அது சரியான அறிவுரைதான். ஆனா, அவள் சொன்ன காரணங்கள் என்ன என்று இப்போது யாராவது கேட்டால் எனக்கு ஒன்றுகூட ஞாபகம் இல்லை.